மிச்சத்தின் கணக்கு



என் தங்கச்சி மூன்று புதன்கிழமை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், மூன்று புதன்கிழமையும் ஊசி போடாமல் திரும்பி வந்தாள்.

ஒன்பது மாதம் முடிந்த பிள்ளை. தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி போட வேண்டிய வயசு. முதல் புதன் மூணு பிள்ளைகள்தான் வந்திருந்தன. அடுத்த புதன் ரெண்டு. மூன்றாவது புதன் இவள் பிள்ளை மட்டும். "பத்துப் பேருக்கான மருந்தும்மா. ஒனக்காக ஒடைச்சா மீதி ஒம்பதயும் கொட்டணும். மேல கேக்குறாங்க. அடுத்த வாரம் நாலஞ்சு பேரா சேத்துக்கிட்டு வா" என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார். அதட்டிச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறார். அந்த நர்சம்மாவும் நம்ம சனம்தான்.

தங்கச்சி வந்து சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். "அவங்க சொல்றதும் ஞாயந்தான? ஒரு புள்ளைக்காக ஒம்பது டோஸக் கீழ கொட்ட முடியுமா?" என்றேன். வங்கியில் கணக்கு எழுதுகிறவன் புத்தி. சாயங்காலம் கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாத பிழைப்பு. வீண் என்றால் எனக்கு ஆகாது. அவள் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான்காவது புதன் நடவு. நான்காவது தடவையும் ஒரு நாள் கூலியை விட அவளால் முடியவில்லை. அடுத்த மாதம் பிள்ளைக்கு மணல்வாரி கண்டது. உடம்பெல்லாம் சிவந்து, கண் ஒட்டிக்கொண்டு, மூச்சு இழுத்துக்கொண்டு பதினைந்து நாள் கிடந்தான். பிழைத்துவிட்டான். அந்தப் பதினைந்து நாளும் நான் சொன்ன 'ஞாயம்' என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

'மருந்து வீணாகிறது' என்கிற சொல்லாடலைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம். கேட்கும்போது யாரும் மறுக்க முடியாத சொல்லாக இருக்கிறது. மருந்து மக்கள் பணம், வீணாக்கலாமா? கூடாதுதான். ஆனால் வீண் என்று எதைச் சொல்கிறார்கள், யார் எண்ணுகிறார்கள், யார் தலையில் எழுதுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால்தான் அந்தச் சொல்லின் சாதி தெரிகிறது.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். தடுப்பு மருந்து பெரும்பாலும் ஒரு குப்பியில் ஐந்து, பத்து, இருபது பேருக்கென்று வருகிறது. தட்டம்மை மருந்தும் பி.சி.ஜி. மருந்தும் பொடியாக வரும்; திரவத்தில் கரைத்துத்தான் போட வேண்டும். கரைத்த பிறகு நான்கு மணி நேரம். அதற்குமேல் வைத்திருந்தால் கிருமி வளரும். கொட்டியே ஆக வேண்டும். ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் போன்ற திரவ மருந்துகளுக்கு அந்தக் கெடு இல்லை. சரியான குளிரில், சுத்தமாக வைத்திருந்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று விதியே இருக்கிறது. ஆக, வீணில் இரண்டு வகை. குப்பியைத் திறக்காமலே கெட்டுப்போவது ஒன்று: தேதி முடிவது, வெயிலில் கிடப்பது, உறைந்துபோவது, உடைவது, காணாமல் போவது. இது நிர்வாகத்தின் வீண். திறந்த குப்பியில் மிஞ்சுவது இன்னொன்று. வந்த பிள்ளைக்குப் போட்டதால் உண்டான மிச்சம் இது.

இந்த இரண்டாவதில் கொஞ்சம் தவிர்க்கவே முடியாதது என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். பி.சி.ஜி. மருந்தில் பாதி கீழே போகும் என்று கணக்குப் போட்டு, தேவையைப் போல் இரண்டு மடங்காகத்தான் வாங்குகிறார்கள். 'ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திற' என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. நம் நாட்டு வழிகாட்டு நூல்களில் இருப்பதும் அதுதான். என் தங்கச்சிக்கு நர்சம்மா சொன்னது எந்த நூலிலும் இல்லை. நூலில் இல்லாதது எப்படி நர்சம்மா வாய்க்கு வந்தது? நூல் ஒன்று சொல்கிறது. மாதக் கூட்டத்தில் கேட்கிற கேள்வி வேறொன்றைச் சொல்கிறது. அவர் கேள்விக்குத்தான் பயப்படுகிறார்.

இப்போது அந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பத்துப் பேர் குப்பிதான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் நடுவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளில் நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். நான்கு குப்பி. வீண் பூஜ்யம். ஊருக்கு வெளியே இருக்கும் காலனியில் மூன்று பிள்ளைகள். ஒரு குப்பி, ஏழு டோஸ் கீழே. வீண் 70 சதவீதம். ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்பில் ஒரே பிள்ளை. வீண் 90 சதவீதம். நர்ஸ் அதே நர்ஸ். மருந்து அதே மருந்து. கை அதே கை. எண் மட்டும் மாறுகிறது. பார்க்கிற அதிகாரிக்கு என்ன தோன்றும்? ஊர் சிக்கனம், சேரி ஊதாரி என்றுதானே? நம்மைச் சிறு சிறு கூட்டமாக ஒதுக்கி, தூரமாக, பாதையில்லாத இடத்தில் வைத்தது யார்? ஒதுக்கி வைத்தவர்களின் குற்றம், ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் 'வீண்' ஆகப் பதிவேட்டில் ஏறுகிறது. இந்தச் சதவீதத்தைக் குறைக்கச் சுலபமான வழி, சேரிக்குப் போவதை நிறுத்துவது. வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவது. எண் உடனே அழகாகிவிடும்.

இதெல்லாம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நடந்த சின்ன விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. 2021இல் ஒரு நாடு முழுவதற்கும் ஊசி போட்டபோது இதே கணக்கு பெரிதாக நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 11 வரை மாநிலங்கள் பயன்படுத்திய 10 கோடி டோஸில் 44 லட்சத்துக்கு மேல் வீண் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது. அதில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 12.10 சதவீதம். பத்திரிகைகள் தலைகுனியச் சொன்னன. அதே ஆண்டு மே 1 முதல் ஜூலை 13 வரையிலான கணக்கை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்தது. இப்போதும் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான்: குப்பிக்குக் கணக்கிட்டதைவிட 5.88 லட்சம் டோஸ் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள்! மூன்றே மாதத்தில் ஊதாரி எப்படிச் சிக்கனக்காரன் ஆனான்? நர்சுகளை மாற்றினார்களா? இல்லை. நடுவில் இரண்டாவது அலை வந்து போனது. ஏப்ரலில் ஊசிக்குப் பயந்து ஆளே வரவில்லை. நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பில் இறந்ததும் பயம் இரண்டு மடங்கானது. அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு சொன்னபோது அக்டோபர் வந்துவிட்டது. மே, ஜூனில் சாவைப் பார்த்த சனம் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றது. கூட்டம் வந்தால் வீண் இல்லை. கூட்டம் வராவிட்டால் வீண். அவ்வளவுதான். மருந்து வீணாவதைக் குறைக்க வேண்டுமென்றால் மக்களின் நம்பிக்கையைத்தான் முதலில் சேர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

'கூடுதலாகப் போட்டார்கள்' என்பதையும் விளக்க வேண்டும். கோவிஷீல்டு குப்பியில் பத்து டோஸ். ஒன்றுக்கு அரை மில்லி. குப்பியிலும் ஊசியின் அடியிலும் ஒட்டிக்கொள்வது போகட்டும் என்று கம்பெனி கொஞ்சம் அதிகமாகவே நிரப்பும். பழகிய கை அந்த அதிகத்திலிருந்து பதினோராவது டோஸை எடுத்துவிடும். கேரளத்துக்கு வந்தது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164 டோஸ் என்று அந்த மே மாதம் முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார், பிரதமரும் பாராட்டினார். அந்த 87 ஆயிரம் சொச்சம் ஆளுக்கும் ஊசி கிடைத்தது நர்சுகளின் கை நேர்த்தியால். அதை மனசார மெச்ச வேண்டும். ஆனால் வங்கிக்காரனாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கல்லாவில் பணம் குறைந்தால் காசாளர் சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டும். கூடினால் அது அவருக்குச் சேராது. தனிக் கணக்கில் வரவு வைத்துவிட்டு, ஏன் கூடியது என்று தேட வேண்டும். கூடினால் பெருமை மேலே போகிறது, குறைந்தால் பழி கீழே வருகிறது என்பதுதான் எல்லா அலுவலகக் கணக்கின் சூத்திரமும்.

தடுப்பூசியிலும் அப்படியே. திட்டம் போட்டபோது 10 சதவீதம் வீணாகலாம் என்று வைத்தார்கள். பிறகு 1 சதவீதத்துக்குள் நிறுத்து என்றார்கள். 2021 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதலில், வீணாக்கும் மாநிலத்துக்கு ஒதுக்கீடு குறையும் என்றே எழுதினார்கள். டெல்லி மாநிலத்தைக் கேட்கும். மாநிலம் மாவட்டத்தைக் கேட்கும். மாவட்டம் வட்டாரத்தைக் கேட்கும். வட்டாரம் நர்சம்மாவைக் கேட்கும். நர்சம்மா யாரைக் கேட்பார்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிரே நிற்கும் பெண்ணைத்தான். அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் ஒரு கூலிக்காரியின் ஒரு நாள் கூலியில் போய் நிற்கிறது.

இனி மிச்சம் யாருக்குப் போனது என்கிற கதை. அதே 2021. எங்கள் கிளையில் ஊழியர்களுக்கு முகாம் நடந்தது. பேருந்து ஓடாத ஊரடங்குக் காலம். சாயங்காலம் நான்கு மணிக்குத் திறந்த குப்பியில் நான்கு டோஸ் மிஞ்சியது. "இன்னும் நாலு பேர் இருந்தா சொல்லுங்க சார், கொட்ட மனசு வரல" என்றார் வந்திருந்த செவிலியர். அவ்வளவுதான். கிளை முழுக்கச் செல்போன் காதுக்குப் போனது. மேலாளர் மச்சானைக் கூப்பிட்டார். இன்னொருவர் வீட்டுச் சொந்தக்காரரை. நான் காலனியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். ஒன்பது கிலோமீட்டர். வண்டி இல்லை. பைக்கிலும் காரிலும் வந்த ஊர்க்காரர்கள் நான்கு பேர் இருபது நிமிடத்தில் கையை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். மருந்து வீணாகவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

எல்லோரும் போன பிறகு, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எனக்குல்லாம் போட மாட்டாங்களா தம்பி?" எங்கள் கிளையில் பகுதி நேரமாகப் பெருக்கித் துடைக்கிறவர். ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. குப்பிக்கும் அவருக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த என் அம்மாவை நினைத்த நான், பத்தடியில் இருந்த அவரை நினைக்கவே இல்லை. தலித் விடுதலை பேசுகிற பத்திரிகைக்குத் தலையங்கம் எழுதுகிறவன்தான், கவிதை எழுதுகிறவன்தான், நினைக்கவில்லை. மிச்சம் செல்போன் வழியாகப் போகிறது. செல்போன் சொந்தபந்தம் வழியாகப் போகிறது. சொந்தபந்தம் சாதி வழியாகப் போகிறது. இதில் யாரும் யாரையும் 'நீ வராதே' என்று சொல்லவில்லை. சொல்லாமலே நடப்பதுதான் இன்றைய தீண்டாமையின் சாமர்த்தியம்.

2021 மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி என்றார்கள். ஆனால் கோவின் தளத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். நல்ல செல்போனும் இங்கிலீசும் உள்ளவர்கள் சேரியில் எத்தனை பேர்? உச்ச நீதிமன்றமே அந்த மாதக் கடைசியில் இதைக் கேட்டது. மே 24 அன்று, அரசு மையங்களில் நேரில் வந்தும் பதிவு செய்துகொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றைப் பாருங்கள் தோழர்களே: முன்பதிவு செய்தவர்கள் வராவிட்டால் மருந்து வீணாகிறது, அதைக் குறைக்க. போன் இல்லாதவனுக்கும் நோய் வரும், அவனுக்கும் உரிமை உண்டு என்பது போதாமல் போயிற்று. பதிவு செய்தவன் விட்டுப்போன இடத்தை நிரப்ப ஒரு கை வேண்டும். அதற்கு நம் கை.

கல்யாண வீட்டில் பந்தியெல்லாம் முடிந்த பிறகு, பின்பக்கம் சட்டியோடு காத்து நின்ற நம் பாட்டிமார்களை எனக்கு ஞாபகம் வருகிறது. 'சோறு வீணாகக் கூடாது' என்றுதான் அப்போதும் சொன்னார்கள்.

இது புதுக் கதையும் இல்லை. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பிடித்ததுதான் இந்தியாவில் முதல் அம்மைப்பால். அப்போது குப்பியும் இல்லை, குளிர்ப்பெட்டியும் இல்லை. குத்திய இடத்தில் எட்டாம் நாள் ஊறும் நீரை எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்த வேண்டும். அந்தச் சங்கிலி அறுந்தால் மருந்தே இல்லை. மருந்து வீணாகாமல் இருக்க, குத்திய பிள்ளைகளை ஊர் ஊராக நடத்திக் கூட்டிப்போனார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள்? பெரும்பாலும் ஏழைகளின், 'கீழ்ச்சாதி'களின் பிள்ளைகள். அந்தக் கையிலிருந்து எடுத்த பாலைத் தங்கள் பிள்ளைக்குக் குத்தக் கூடாது என்று மேல்சாதியார் மறுத்த கதையும் பதிவாகியிருக்கிறது. அன்றைக்குக் குப்பியே நாம்தான். 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா ஊசி தொடங்கியபோது கேமராக்கள் முன்னால் முதல் ஊசி போடப்பட்டது டெல்லி எய்ம்ஸில் ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு. துப்புரவு வேலையை இந்த நாடு யாருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படத்துக்கு முதல் ஆள். பட்டியலில் இல்லாத ஆள். இரண்டும் அதே கைதான்.

இனி பெரிய வீணைப் பார்ப்போம். நர்சம்மா ஒரு குப்பியைத் திறந்து ஒன்பது டோஸைக் கொட்டினால் விளக்கம் கேட்கிறவர்கள் எதை விளக்கம் கேட்பதில்லை? 2021 ஜூன் முதல் உற்பத்தியில் கால் பங்கைத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு ஒதுக்கினார்கள். கோவிஷீல்டு ஒரு டோஸ் 780 ரூபாய் வரை, கோவாக்சின் 1,410 ரூபாய் வரை விற்கலாம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 273 ரூபாய். ஒரு ஊசிக்கு ஐந்து நாள் கூலி. வாங்க ஆளில்லாமல் தனியாரிடம் மருந்து தேங்கியது. தேதி முடியும் கவலை அவர்களுக்கு வந்தது. 2022 அக்டோபரில் சீரம் இன்ஸ்டிடியூட்டின் தலைமை அதிகாரி அதார் பூனாவாலா தாமே சொன்னார்: கிராக்கி இல்லாததால் 2021 டிசம்பரிலேயே கோவிஷீல்டு தயாரிப்பை நிறுத்திவிட்டோம், கையிருப்பில் சுமார் 10 கோடி டோஸ் காலாவதி ஆகிவிட்டது என்று. பத்துக் கோடி! மாநிலங்கள் தலைகுனிய வேண்டிவந்த 44 லட்சத்தைப் போல் இருபது மடங்குக்கு மேல். அது 'வீண்' சதவீதத்தில் வராது. அதற்குப் பெயர் 'கையிருப்பு'. கம்பெனிக் கிடங்கில் இருந்தால் கையிருப்பு, சேரி முகாமில் இருந்தால் வீண்.

உலகத்துக்கும் ஊர் உண்டு, சேரி உண்டு. பணக்கார நாடுகள் தங்கள் பந்தி முடிந்த பிறகு, தேதி முடியப்போகும் மருந்தை ஆப்பிரிக்காவுக்கு 'தானம்' அனுப்பின. 2021 மே மாதம் மலாவி 19,610 டோஸை எரித்தது. டிசம்பரில் நைஜீரியா 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸை அழித்தது. 'ஆப்பிரிக்காவில் மருந்து வீண்' என்று செய்தி வந்தது. கெடு முடியும்போது கொடுத்தவன் பெயர் தலைப்பில் வரவில்லை.

இந்தப் பட்டியலில் என் மனசில் நிற்பவர் ஒரு திருடர். 2021 ஏப்ரலில் அரியானா மாநிலம் ஜிந்த் அரசு மருத்துவமனையில் ஆயிரத்து எழுநூறு டோஸ் அளவுக்கு மருந்து களவு போனது. மறுநாள் காவல் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பை திரும்பி வந்தது: கொரோனா மருந்து என்று தெரியாது, மன்னியுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டோடு. இத்தனை பெரிய வீணில் மன்னிப்புக் கேட்டவர் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அப்படியானால் வீணைக் குறைக்கவே வேண்டாமா? வேண்டும். நாம் வீணுக்கு வக்காலத்து வாங்கவில்லை. மிஞ்சியதை எப்படியாவது போட்டுத் தீர்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. 2017இல் தெற்கு சூடானில் ஒரு தட்டம்மை முகாமில் மருந்தை நான்கு நாள் குளிரில்லாமல் வைத்திருந்து, ஒரே ஊசியை எல்லோருக்கும் போட்டு, 15 குழந்தைகள் இறந்தன. கொட்ட வேண்டியதைக் கொட்டத்தான் வேண்டும். அந்தக் கொட்டலும் பாதுகாப்புதான், அதுவும் நம் பிள்ளைகளின் உரிமைதான்.

சரியாகக் குறைத்த வரலாறும் இருக்கிறது. பெரியம்மையை ஒழித்த காலத்தில், 1960களில், இரண்டு முனை உள்ள ஒரு சின்ன ஊசி வந்தது. இரு முனைக்கும் நடுவே ஒரு துளி மருந்து நிற்கும். 25 பேருக்கு ஆன குப்பி அதனால் 100 பேருக்கு வந்தது. 1996 முதல் போலியோ குப்பியின் மேல் ஒரு வட்டம் ஒட்டினார்கள். உள்ளே வெள்ளைச் சதுரம். சூடு படப்படச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வரும்வரை மருந்து நல்லது. அதற்கு முன்னால், கரண்டு போனது என்கிற சந்தேகத்துக்கே நல்ல மருந்தையும் தூக்கிப் போட்டார்கள். 2016இல் போலியோ ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஐந்தில் ஒரு பங்கைத் தோலுக்குள் இரண்டு தவணையாகப் போட்டு இந்தியா சமாளித்தது. இவை எதிலும் ஒரு பிள்ளையைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். போலியோவில் அதற்கும் மேலே போனார்கள். நர்சம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிசை குடிசையாக வந்தார். வாய்க்குள் விழாமல் கன்னத்தில் வழிந்த சொட்டுக்கு மறு சொட்டு விட்டார். சுண்டு விரலில் மை வைத்தார். வாசலில் சாக்பீஸால் எழுதினார். சேரியில் ஒரு பிள்ளை விட்டுப்போனாலும் ஊருக்கே ஆபத்து என்று பயந்தபோது, வீணைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் பாதிப்பு வரவில்லை. முடியும் என்றால் முடிகிறது.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12 அன்று ஞாயிற்றுக்கிழமை மாபெரும் முகாம் தொடங்கியது. ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். சில வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் ஊசிக்குத் தயங்குகிறார்கள் என்று முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஊசிக்கும் கறிக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் சனங்களைத் திட்டாமல் கிழமையை மாற்றினார்களே, அது சரி. அந்த வழியிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போகச் சொல்கிறோம்.

மூன்று பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பத்துப் பேர் குப்பியைக் கொடுக்காதே. சின்னக் குப்பியைக் கொடு. டோஸுக்கு விலை கூடும், குளிர்ப்பெட்டியில் இடம் அதிகம் பிடிக்கும் என்பார்கள். ஒதுக்கி வைத்ததற்கு அந்த விலையை அரசு தரட்டும். கூலி வேலைக்குப் போகிறவள் காலை பத்து மணிக்கு வர மாட்டாள். வேலை விட்டு வருகிற சாயங்காலம் சேரிக்கு வா. முகாமுக்கு முந்தின நாளே வீட்டுப் பட்டியல் எடு. மிஞ்சினால் யாருக்கு என்கிற பட்டியலையும் அன்றே எழுதிவிடு. அதைப் போன் இல்லாதவர்களிலிருந்தும் பெருக்கித் துடைக்கிறவர்களிலிருந்தும் தொடங்கு. ஒரு பிள்ளைக்காகக் குப்பியைத் திறந்த நர்சிடம் விளக்கம் கேட்காதே. திறக்காமல் திருப்பி அனுப்பியிருந்தால் அதற்கு மேலதிகாரியிடம் விளக்கம் கேள்.

கடைசியாக என் தொழிலில் இருந்து ஒன்று. சுகாதார நிலையத்து ரிஜிஸ்டரை நான் பார்த்தேன். வந்த டோஸுக்கு ஒரு காலம் இருக்கிறது. போட்டதற்கு ஒன்று. மீதிக்கு ஒன்று. வீணுக்கு ஒன்று. திருப்பி அனுப்பிய பிள்ளைக்குக் காலம் இல்லை. கணக்கில் காலம் இல்லாதது நடக்கவே இல்லை என்று அர்த்தம். என் தங்கச்சி மூன்று புதன்கிழமை நடந்தது நடக்கவே இல்லை. ஒன்பது டோஸ் மிச்சமானது மட்டும் நடந்திருக்கிறது. அதற்கு அந்த வட்டாரம் நல்ல பெயர்கூட வாங்கியிருக்கும். பிள்ளைக்கு மணல்வாரி கண்டது வேறு ரிஜிஸ்டர்.

அந்தக் காலத்தை அரசு போடும்வரை நாம் போடுவோம். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளைக் கேட்கிறேன். உங்கள் காலனியில் ஊசி போடும் நாளில் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். நர்சம்மாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் நம்மைப் போல் கேள்விக்குப் பயந்து வாழ்கிறவர். எத்தனை பிள்ளை வந்தது, எத்தனை திரும்பிப் போனது, என்ன காரணம் சொன்னார்கள், தாய்க்கு எத்தனை நாள் கூலி போனது என்று மட்டும் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதி மாவட்ட ஆட்சியரின் மேஜையில் வையுங்கள். ஒரு பிரதி நமக்கு அனுப்புங்கள், வெளியிடுவோம். மிச்சத்தைக் கேட்டு நிற்க வேண்டாம். பந்தியின் கணக்கையே கேட்போம்.

தங்கச்சி பிள்ளைக்கு முதல் ஊசி பிறகு போட்டாயிற்று. வருகிற புதன்கிழமை இரண்டாவது ஊசி. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நானும் கூடப் போகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு காலம்தான் இருக்கிறது.